பிடி

இரண்டாம் வருடம், போஸ்டிங் மூன்றாவது வாரம்.
ஈய ஏப்ரன் ஐந்து கிலோ.
கழற்றி மாட்டும்போதெல்லாம்
போச்சம்பள்ளிச் சந்தையில் யாரோ என்னை எடை போட்டு
வேண்டாமென்று இறக்கிவிட்டதுபோல் இருக்கும்.

நெஞ்சுப் படத்துக்கு மூன்றே வாக்கியம்.
மூச்சை நல்லா இழுங்க.
அப்படியே பிடிங்க.
ம், விடுங்க.
இதுக்கா இவ்வளவு ஃபீஸ் என்றான் அக்தர்.
ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான்டா
நம்ம சம்பளம் என்றாள் புனிதமேரி.
மெஷினை அணைத்துவிட்டு
ஒருவரையொருவர் நிறுத்திப் பழகினோம்.
முகவாய் மேலே, புறங்கை இடுப்பில்,
தோள் முன்னால் உருண்டு,
பாகப்பிரிவினைச் சண்டைக்கு வந்து நிற்பவர்போல.

அன்று செவ்வாய். கிருஷ்ணகிரிப் பெரியாஸ்பத்திரி.
காலையிலேயே கிரானைட் பட்டறை ஆட்கள் எட்டுப் பேர்.
அவர்களுக்கு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.
ஒருவர் நான் சொல்லுமுன்பே இழுத்துப் பிடித்துக்கொண்டு
இடுப்பில் விரல் தட்டினார், சீக்கிரம் என்று.
அவரால் அவ்வளவுதான் முடியும்.

ஒன்பதாவது சீட்டு கெம்பம்மா.
அஞ்செட்டிக்கு மேலே ஏதோ ஊர், இரண்டு பஸ் மாறி.
மூன்று வார இருமல்.
வளையல் கழற்றினாள், தோடு கழற்றினாள்,
கருகமணியை மட்டும் கழற்றமாட்டேன் என்று
பல்லில் கடித்துக்கொண்டாள்.
அதன்பிறகு அவளால் ஒன்றும் கேட்கவும் முடியாது.

ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
இழும்மா என்றேன். முதுகு விரிந்தது.
பிடிம்மா என்றேன். முதுகு சரிந்தது.
அழுத்திவிட்டேன்.

திரையில் உதரவிதானம் மேலேறி
இதயம் மடியில் கொட்டிய மாவுபோலப் பரந்து
அடி நுரையீரல் வெளுத்திருந்தது.
விட்ட மூச்சில் எடுத்தால்
நல்ல நெஞ்சும் இல்லாத நோயைச் சொல்லும்.

இன்னொரு தடவை.
பிடி, பிடிம்மா, பிடி!
நான் கத்தக் கத்த
அவள் இன்னும் கொஞ்சம் காலியானாள்.

கதவோரம் மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்த
தளி மினிபஸ் கண்டக்டர் சிரித்தார்.
"கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம், சிஸ்டர்.
நீங்க சொன்னதத்தான் அது செய்யுது."

நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப.

பிடிக்க என்ன சொல்லணும்?
ஹிட்கொள்ளி.
இருமிக்கொண்டு வந்தவளிடம்
கொள்ளி என்று முடிகிற ஒரு சொல்லை
எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் கூசியது.
சொன்னேன்.
முதுகு விரிந்து அப்படியே நின்றது.
அழுத்தினேன்.
பத்து விலாவையும் எண்ணினேன், பத்தும் இருந்தது,
மூலையில் என் ஈய எழுத்துகூட நேராக விழுந்திருந்தது,
அந்த அழகை நான் பார்த்துக்கொண்டேயிருக்க

அவள் பிடித்துக்கொண்டேயிருந்தாள்.

சொல்லவேண்டிய சொல் தெரியும்.
பிடி என்று சொல்லவேண்டும், விடச்சொல்லி.
வாய் வரவில்லை.
பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை
இறுக்கமாகத்தான் வைத்திருந்தேன்.
அவள் தோள் நடுங்கத் தொடங்கியது.
மூடிய கதவுக்கு வெளியிலிருந்து கண்டக்டர்
விசில் ஊதுகிற குரலில் கத்தினார்:
பிடி!

கெம்பம்மா விட்டாள்.
கருகமணி வாயிலிருந்து நழுவி நெஞ்சில் விழுந்தது.
பிறகு நெடுநேரம் இருமினாள்.

ரிஜெக்ட் நோட்டில் காரணம் என்றொரு கட்டம்.
மேலே வரிசையாக எல்லார் கையெழுத்திலும்
நோயாளி அசைந்தார், நோயாளி அசைந்தார்.
நானும் எழுதினேன், இரண்டு தடவை.
அவள் அசையவேயில்லை.

என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ்
மூன்று மாதத்துக்கொருமுறை தபாலில் போகும்.
என்மேல் எவ்வளவு பட்டதென்று
புள்ளி வைத்துக் கணக்கு வரும்.
கெம்பம்மாவுக்கு அப்படி எதுவும் வராது.
வளையலை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு
என்னைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுப் போனாள்.
திட்டா, நன்றியா,
கண்டக்டரைக் கேட்கலாம் என்று திரும்பினேன்.
அவர் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு
என் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார்.